மனநல மாத்திரை தொடங்கியபின் மாதவிடாய் நின்றால்: ஒரு அக்காவின் கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் ஒரு அக்கா. தங்கைக்கு 26 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்காக எட்டு மாதமாக ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரையை 6 மி.கி. சாப்பிடுகிறாள். காதில் கேட்ட குரல்கள் அடங்கி, மறுபடியும் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். ஆனால் நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை, மார்பிலிருந்து பால் மாதிரி கசிகிறது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். "கர்ப்பப்பை கெட்டுவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிடலாமா? நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் நேரடிப் பதில். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மாத்திரையால் வந்த ஹார்மோன் மாற்றம்தான். கர்ப்பப்பைக்குச் சேதம் எதுவும் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம் "மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். இந்த வாரமே மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் இரண்டு விஷயத்தையும் சொல்லுங்கள், மாதவிடாய் நின்றதையும் பால் கசிவதையும். இதைச் சரிசெய்ய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன.

நான் மனநல மருத்துவராக வேலை பார்ப்பவள். உங்கள் தங்கையைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால் எந்த மாற்றமும் அவருடைய மருத்துவரின் கையால்தான் நடக்க வேண்டும். ஆனாலும் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் உண்டு. நோய் நன்றாகக் கட்டுக்குள் வந்தபிறகு மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும் பெண்களிடம் பொறுமையாகக் கேட்டால், பலருக்கு இதுதான் காரணமாக இருக்கிறது. உடம்பில் ஏதோ கெட்டுப்போகிறது என்ற பயம், அதை யாரிடமும் சொல்ல முடியாத கூச்சம். பிறகு சில மாதங்களில் நோய் திரும்பி வருகிறது, முன்பைவிடக் கடுமையாக.

என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் அங்கிருந்துதான் வருகிறது. மற்ற ஹார்மோன்கள் பெரும்பாலும் "சுர" என்று கட்டளை வந்தால் சுரக்கும். புரோலாக்டின் அப்படியில்லை. மடையில் பலகை போட்டு நீரை நிறுத்துவதுபோல, டோபமைன் என்ற ரசாயனம் அதை எந்நேரமும் தடுத்து வைத்திருக்கிறது. ரிஸ்பெரிடோன் செய்யும் வேலையே டோபமைனைத் தடுப்பதுதான். மூளையின் ஒரு பகுதியில் தடுப்பதால் குரல்கள் அடங்குகின்றன. பிட்யூட்டரியிலும் தடுத்துவிடுவதால் பலகை விலகி, புரோலாக்டின் ஏறுகிறது. பிட்யூட்டரி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. ரிஸ்பெரிடோன் அந்தத் தடுப்பைத் தாண்டி உள்ளே போகக் கொஞ்சம் சிரமப்படும் மருந்து. அதனால் மூளைக்குள் இருப்பதைவிட பிட்யூட்டரிக்கு அதன் தாக்கம் தாராளமாகவே கிடைத்துவிடுகிறது.

புரோலாக்டின் ஏறினால் உடம்பு பால் கொடுக்கும் தாயின் நிலைக்குப் போய்விடுகிறது. சினைப்பையை இயக்கும் ஹார்மோன்கள் குறைகின்றன, முட்டை வெளிவருவது நிற்கிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, மாதவிடாய் தள்ளிப்போய்க் கடைசியில் நின்றுவிடுகிறது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் பல அம்மாக்களுக்கு மாதவிடாய் வராமல் இருப்பதும் இதே வழியில்தான். அந்தத் தாய்க்குக் கர்ப்பப்பை கெட்டுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

இங்கே ஒரு பயத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அநேகமாக எல்லா அம்மாக்களும் இதைக் கேட்கிறார்கள். "நாலு மாசமா வரலைன்னா அந்தக் கெட்ட ரத்தமெல்லாம் உள்ளேயே தங்கிடுமே டாக்டர்?" தங்காது. மாதாமாதம் வெளியேறுவது, கர்ப்பப்பைக்குள் புதிதாக வளர்ந்த உள்சவ்வும் அதோடு வரும் ரத்தமும். புரோலாக்டின் ஏறி ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும்போது அந்தச் சவ்வு வளரவே இல்லை. வெளியேற எதுவும் இல்லாததால்தான் வரவில்லை. ஆகவே எள்ளுருண்டை, கருஞ்சீரகம், பப்பாளி என்று கொடுத்துப் "பிடித்து இழுக்க" வேண்டிய அவசியம் இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் "பீரியட்ஸ் வரவைக்கிற மாத்திரை"யும் வேண்டாம். அது புரோஜெஸ்டிரோன் வகை. சவ்வு வளர்ந்திருந்தால்தான் அதற்குப் பலன். தப்பித்தவறி ரத்தம் வந்துவிட்டாலும், சரியாகிவிட்டது என்று நினைத்து மூல காரணத்தை விட்டுவிடுவோம்.

சரி, மருத்துவரிடம் போனால் என்ன பரிசோதனை நடக்கும்? முதலில் கர்ப்பப் பரிசோதனை. இதைக் கேட்டதும் கோபப்பட வேண்டாம், தங்கைமேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை. மாதவிடாய் நின்ற எந்தப் பெண்ணுக்கும் அதுதான் முதல் படி. அடுத்து ரத்தத்தில் புரோலாக்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் புரோலாக்டின் ஏறும், நம் ஊரில் அது சாதாரணமாகக் காணும் பிரச்சினை. புரோலாக்டினுக்கு ரத்தம் கொடுக்கும்போது காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருப்பது நல்லது, ஏனென்றால் தூக்கத்தில் அது இயல்பாகவே கூடும். மன அழுத்தத்திலும் கூடும். ஓடிப்போய் மூச்சிரைக்க ஊசிக்குக் கை நீட்டாமல், கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பால் வருகிறதா என்று மார்பை அழுத்தி அழுத்திப் பார்ப்பதும் கூடாது. அதுவே புரோலாக்டினைக் கூட்டும்.

ரிப்போர்ட் கைக்கு வரும்போது பதற வேண்டாம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு இயல்பு அளவு சுமார் 25 நானோகிராம் வரை. ரிஸ்பெரிடோன் சாப்பிடுபவர்களுக்கு 100ஐத் தாண்டுவது சகஜம். சிலருக்கு 200ஐயும் தாண்டும். காகிதத்தில் 118 என்று தடித்த எழுத்தில் அச்சாகி, அதற்குப் பக்கத்தில் 25 என்ற எல்லையும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு யாராவது செல்போனில் தேடினால் "மூளையில் கட்டி" என்றுதான் முதலில் வரும். பிட்யூட்டரியில் புரோலாக்டின் சுரக்கும் கட்டி வருவது உண்மைதான். ஆனால் மாத்திரை தொடங்குவதற்கு முன்பு மாதவிடாய் ஒழுங்காக இருந்து, தொடங்கிச் சில மாதங்களில் நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் மாத்திரைதான். எண் 250ஐத் தாண்டினால், அல்லது காலக்கணக்கு பொருந்தவில்லை என்றால் மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். விடாத தலைவலி, பக்கவாட்டில் பார்வை குறுகுவது ஆகியவை இருந்தால் எண் எதுவானாலும் உடனே போங்கள். கசிவு ஒரு மார்பில் மட்டும் இருந்தாலோ, ரத்தம் கலந்திருந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயம், அதை அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டும்.

சில சமயம், காரணம் மாத்திரைதானா என்று உறுதி செய்ய மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுப்பது உண்டு. இது மனநல மருத்துவர் சம்மதித்துத் தேதி குறித்துச் செய்வது. வீட்டில் செய்து பார்க்கும் சோதனை அல்ல. மாதமொருமுறை போடும் நீண்டகால ஊசியில் இருப்பவர்களுக்கு இதனால் பயனும் இல்லை, மருந்து உடம்பை விட்டுப்போகவே மாதக்கணக்கில் ஆகும்.

மனநோய்க்கான எல்லா மருந்தும் இப்படிச் செய்வதில்லை, நம்பிக்கைக்கு இடம் இருப்பது இதில்தான். ரிஸ்பெரிடோன், அதன் நெருங்கிய உறவான பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, பழைய ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டினை அதிகம் ஏற்றுபவை. ஓலன்சபின் கொஞ்சம் ஏற்றும். குவெட்டியாபின், குளோசபின் அநேகமாக ஏற்றுவதில்லை. அரிபிப்ரசோல் டோபமைனை முழுக்கத் தடுக்காமல் பாதி தூண்டிவிடுவதால் புரோலாக்டினைக் குறைக்கவே செய்கிறது.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். தங்கை வயிற்றுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா? நம் ஊரில் நெஞ்செரிச்சல், வயிறு உப்புசம் என்று போனால் அமிலம் குறைக்கும் மருந்தோடு லெவோசல்பிரைடு அல்லது டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல் கொடுப்பது மிகவும் சாதாரணம். இரண்டுமே பிட்யூட்டரியில் டோபமைனைத் தடுப்பவை. மனநல மருந்தே சாப்பிடாத பெண்களுக்கும் இந்த "கேஸ் மாத்திரை"யால் மாதவிடாய் நின்று பால் கசிவதை நாங்கள் பார்க்கிறோம். ரிஸ்பெரிடோனோடு இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

தீர்வுக்கு வருவோம். எட்டு மாதமாக நன்றாக இருக்கும் ஒருவருக்கு, நானாக இருந்தால் எடுத்த எடுப்பில் மருந்தையே மாற்ற மாட்டேன். 6 மி.கி. என்பது கொஞ்சம் அதிகம்தான், அதை மெதுவாகக் குறைத்தால் போதுமா என்று முதலில் பார்ப்பேன். போதவில்லை என்றால் குறைந்த அளவு அரிபிப்ரசோலைச் சேர்ப்பேன். ரிஸ்பெரிடோனால் ஏறிய புரோலாக்டின் இதற்குப் பலருக்கு நன்றாக இறங்குகிறது. அமிசல்பிரைடால் ஏறியதற்கு அவ்வளவாக இறங்குவதில்லை. அரிபிப்ரசோல் சேர்த்த புதிதில் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். அதை நோய் திரும்புகிறது என்று நினைத்துப் பயந்துவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது வழி மருந்தை மாற்றுவது. பழையதைப் படிப்படியாகக் குறைத்து, புதியதைப் படிப்படியாகக் கூட்டி, சில வாரங்களில் செய்வார்கள். அந்த வாரங்களில் தூக்கம் குறைகிறதா, தனக்குத்தானே பேசுகிறாளா என்று வீட்டில் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். பிட்யூட்டரிக் கட்டிக்குக் கொடுக்கும் கேபர்கோலின் என்ற மருந்தும் புரோலாக்டினைக் குறைக்கும். ஆனால் அது டோபமைனைத் தூண்டுவதால் குரல்களைத் திரும்பக் கொண்டுவரக்கூடும். மனநல மருத்துவருக்குத் தெரியாமல் வேறு யார் எழுதிக்கொடுத்தாலும் அதைத் தொடங்காதீர்கள்.

உடல் எடையையும் பார்க்க வேண்டும். ஓலன்சபின், குளோசபின் போன்றவை புரோலாக்டினை அவ்வளவாக ஏற்றாவிட்டாலும் பசியையும் எடையையும் கூட்டி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் ஆக்கி, அந்த வழியில் மாதவிடாயைக் குழப்பும். சீனாவில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மனநோய் மருந்துகளால் மாதவிடாய் நின்ற 84 பெண்களில் பாதிப் பேருக்கு சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மெட்ஃபார்மின் எடுத்த 42 பேரில் 28 பேருக்கு மாதவிடாய் திரும்பியது. வெற்று மாத்திரை எடுத்த 42 பேரில் 2 பேருக்குத்தான் திரும்பியது. எல்லோருக்கும் இதுதான் மருந்து என்று சொல்லவில்லை. எடை கூடியிருந்தால் இப்படியும் ஒரு வழி உண்டு என்று மருத்துவரிடம் பேசலாம்.

"ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன?" என்றும் சிலர் கேட்பார்கள். மாதாமாதம் வரும் தொல்லை இல்லையே என்று நிம்மதியாக இருக்கும் பெண்களும் உண்டு. எண் மட்டும் கூடியிருந்து மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் மாதவிடாய் நின்றுபோய் வருடக்கணக்கில் அப்படியே விட்டால் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் எலும்பு அடர்த்தி குறையும். 26 வயதில் எலும்பில் சேர வேண்டிய கால்சியம் பிற்பாடு சேராது. பிறப்புறுப்பு வறட்சி, தாம்பத்தியத்தில் வலி, ஆசையே இல்லாமல் போவது என்று இன்னும் சில உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு இவை குடும்பச் சண்டையாகத்தான் வெளியே வரும், மருந்துதான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. எந்த மருந்தும் ஒத்துவராமல் ரிஸ்பெரிடோனிலேயே இருந்தாக வேண்டிய பெண்ணுக்கு, மகப்பேறு மருத்துவரோடு பேசி ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கொடுத்து எலும்பைக் காப்பாற்றலாம்.

மருந்தைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்யும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கல்யாணமான பெண்களுக்கு இதை நான் இரண்டு முறை சொல்வேன். முட்டை முதலில் வெளிவரும், அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிடாய் வரும். அதாவது ஒரு மாதவிடாயைக்கூடப் பார்க்காமலே கர்ப்பம் தரிக்க முடியும். "எனக்குத்தான் பீரியட்ஸே இல்லையே" என்று கருத்தடை இல்லாமல் இருந்தவர்கள் இப்படித்தான் எதிர்பாராமல் கர்ப்பமாகிறார்கள்.

மற்ற மருந்துகளைப் பற்றியும் சிலவற்றைச் சொல்கிறேன். பைபோலார் நோய்க்கும் (மனம் அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் வேறு மாதிரி. அது சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினையை உண்டாக்குகிறது. ஆண்தன்மை ஹார்மோன் கூடி, முகத்தில் முடி, பரு, தள்ளித் தள்ளி வரும் மாதவிடாய் என்று தெரியும். பின்லாந்து மருத்துவர்கள் 1993இல் வலிப்பு நோயுள்ள பெண்களிடம் இதை முதலில் பெரிய அளவில் காட்டினார்கள். அமெரிக்காவில் 2006இல் வெளியான பைபோலார் ஆய்வில், வால்ப்ரோயேட் தொடங்கிய பெண்களில் 10.5 சதவீதத்தினருக்கு இந்தத் தொந்தரவுகள் புதிதாக வந்தன. வேறு மருந்து எடுத்தவர்களில் 1.4 சதவீதம்தான். நீர்க்கட்டியில் நான் மேலே சொன்ன கணக்கு தலைகீழ். அங்கே சவ்வு வளர்ந்துகொண்டே இருக்கும், வெளியேறாது. ஆகவே மூன்று மாதத்துக்கு மேல் வராமல் விடக் கூடாது. இதைவிடப் பெரிய ஆபத்து கர்ப்பத்தில். வால்ப்ரோயேட் சாப்பிடும் தாய்க்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, மூன்று நான்கு பேருக்கு வளர்ச்சி, பேச்சு, அறிவுத்திறன் பாதிக்கப்படுகிறது. ஐரோப்பாவில் 2018 முதல், கருத்தடைத் திட்டம் இல்லாமல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடே வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கல்லூரி வயதுப் பெண்களின் மருந்துச் சீட்டில் இன்னும் இதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கிறேன், மனசு பதைக்கிறது. இதைச் சாப்பிடும் பெண் இதைப் படித்தால், நாளைக்கே நிறுத்தாமல், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் தைராய்டைக் குறைக்கும். அதனால் மாதவிடாய் அதிகமாகவோ ஒழுங்கின்றியோ போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்தால் போதும், சுலபமாகச் சரிசெய்யலாம். பைபோலாருக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் இன்னொரு மருந்தான கார்பமாசெபின் கருத்தடை மாத்திரையைக் கல்லீரலில் சீக்கிரம் கரைத்துப் பலனில்லாமல் செய்துவிடும். அதே நோய்களுக்குக் கொடுக்கும் லாமோட்ரிஜினுக்கு இது எதிர்ப்பக்கம்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை தொடங்கினால் ரத்தத்தில் லாமோட்ரிஜின் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து நோய் தலைதூக்கலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை மாதவிடாயை நிறுத்துவது அரிது, சிலருக்கு ரத்தப்போக்கு கொஞ்சம் கூடும், தாம்பத்திய ஆசை குறையும். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் தாங்க முடியாத எரிச்சல், அழுகை, சாகலாம் போன்ற எண்ணம் வரும் பெண்களுக்கு இதே மாத்திரைகள்தான் சிகிச்சை. மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே பலருக்குக் கேட்கிறது.

இவ்வளவு தெரிந்த விஷயத்தை உங்கள் தங்கையிடம் ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை? ஓ.பி.யில் என் எதிரே நோயாளி உட்கார்ந்திருப்பார், பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் அம்மாவோ அண்ணனோ. "தூங்குறாளா?" "தூங்குறா." "சாப்பிடுறாளா?" "நல்லா சாப்பிடுறா." அண்ணன் மாத்திரை வரிசைக்குப் போனபிறகு, "பீரியட்ஸ் சரியா வருதாம்மா?" என்று கேட்டால்தான் அந்தப் பெண் தலையைத் தூக்குகிறாள். துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொள்கிறாள். உள்ளே மடித்து வைத்த கைக்குட்டை நனைந்துபோகிறது என்று அதற்கப்புறம்தான் சொல்கிறாள். மாதக்கணக்கில் தனியாக அதைத் துவைத்து மறைத்துக் காயவைத்திருப்பாள். கேட்க வேண்டியது எங்கள் வேலை. மருந்து தொடங்கும் முன்பே மாதவிடாய்த் தேதியைச் சீட்டில் எழுத வேண்டும், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். நாங்கள் கேட்காமல் விட்டால் நீங்கள் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் கடைசியாக வந்த தேதியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக, கல்யாணமும் குழந்தையும். புரோலாக்டின் இறங்கினால் முட்டை வருவதும் மாதவிடாயும் பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ திரும்பிவிடும். மாத்திரையால் ஏறியது நிரந்தர மலட்டுத்தன்மை ஆகாது. வரன் வீட்டாருக்குத் தெரியாமல் கல்யாணத்துக்கு முன்பு மாத்திரையை நிறுத்தும் வழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. புது வீடு, தூக்கமில்லாத இரவுகள், மாத்திரையும் இல்லை என்றால் நோய் திரும்ப அதைவிட வேறென்ன வேண்டும்? மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து, மருத்துவரை அவர் நேரில் சந்தித்துப் பேசினால் இன்னும் நல்லது. குழந்தைக்குத் திட்டமிடும்போது, கருத்தடையை நிறுத்துவதற்குச் சில மாதங்கள் முன்பே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் அப்போதே தொடங்க வேண்டும். வால்ப்ரோயேட் தவிர்க்க வேண்டியது, ஆனால் மனநோய் மருந்துகள் பலவற்றைக் கர்ப்பத்திலும் தொடர முடியும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் நோய் திரும்பும் ஆபத்து அதிகம் என்பதால் இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இடையில் எப்போதாவது, மருத்துவரைப் பார்க்க முடியாத நேரத்தில் மாத்திரை விஷயமாகப் பயம் வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது அரசின் டெலிமானஸ் இலவச எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.